டோக்கியோவில் இரண்டு நாள் ராமென்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹமமத்சுவில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து டோக்கியோ ஷின்கான்சென் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், குளிர் தொடங்கியதும், "இந்தச் சனி ஞாயிறு டோக்கியோ போய் ராமென் சாப்பிடலாம் என்றிருக்கிறோம்" என்று பேச்சைத் தொடங்கி, ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதி சொல்லி பாதி மறந்துவிடுவதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ராமென் என்றால் ஊரில் நாம் கொதிக்க வைத்துச் சாப்பிடும் பாக்கெட் நூடுல்ஸ்தானே, அண்ணா?

ராமென் என்பது சூடான சூப்பில் கோதுமை நூடுல்ஸ் போட்டுக் கிண்ணத்தில் தரும் உணவு; பாக்கெட் நூடுல்ஸ் அதற்குப் பிறந்த பிள்ளை. மொமொஃபுகு அந்தோ என்பவர் 1958-இல் ஒசாகாவுக்கு அருகிலுள்ள இகேதாவில், வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் முறையைக் கண்டுபிடித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ராமென் கடைகள் வந்துவிட்டன. 1910-இல் டோக்கியோவின் அசாகுசா பகுதியில், யோகொஹாமா சீனக் குடியிருப்பிலிருந்து சமையல்காரர்களை அழைத்துவந்து திறக்கப்பட்ட ராய்ராய்கென் என்னும் கடையைத்தான் இந்த உணவு பரவியதற்குத் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்து குவிந்தபோது, தள்ளுவண்டிகளில் இரவு நேரத்தில் விற்கப்பட்டு, ராமென் உழைப்பாளிகளின் உணவானது.

கடையில் கிடைப்பது கோதுமை நூடுல்ஸ்தான் என்றாலும், மாவில் கன்சுய் என்னும் காரநீர் சேர்க்கிறார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கரைந்த நீர் அது. அப்பள மாவில் நாம் அப்பளக்காரம் சேர்ப்பதை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். அதனால்தான் நூடுல்ஸுக்கு மஞ்சள் சாயலும், கடிக்கும்போது பல்லுக்கு ஒரு எதிர்ப்பும், லேசான தனி மணமும் வருகின்றன. சூடான சூப்பில் கிடந்தாலும் சில நிமிடங்கள் குழையாமல் நிற்பதும் இதனால்தான். அந்தச் சில நிமிடங்கள் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதைச் சார்ந்தவை.

சோயு, ஷியோ, மிசோ, தொன்கொத்சு என்று நான்கு பெயர் சொல்கிறார்கள். என்ன வேறுபாடு, எதில் தொடங்குவது?

இந்த நான்கையும் ஒரே வரிசையில் வைப்பதால்தான் குழப்பம் வருகிறது. கிண்ணத்தில் இரண்டு திரவங்கள் சேர்கின்றன. ஒன்று, எலும்பு, மீன், காய்கறி ஆகியவற்றை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுக்கும் சூப்; அதில் பெரும்பாலும் உப்பே இருக்காது. மற்றொன்று, தாரே எனப்படும் அடர்ந்த உப்புச்சாறு. சமையல்காரர் இதை ஓர் அகப்பை அளவு முதலில் கிண்ணத்தின் அடியில் ஊற்றி, அதன் மேல் சூப்பை ஊற்றுகிறார். சோயு என்றால் சோயா சாஸ் தாரே, ஷியோ என்றால் உப்பு தாரே, மிசோ என்றால் புளிக்கவைத்த சோயா விழுது. தொன்கொத்சு மட்டும் சூப்பின் பெயர். பன்றி எலும்பு என்பது அதன் பொருள். ஆகவே தொன்கொத்சு சூப்பில் சோயா தாரே சேர்த்த ராமெனும் உண்டு.

ஊரும் சேர்ந்தே வருகிறது. மிசோ ராமென் 1950-களில் வடக்கேயுள்ள சப்போரோ நகரில் உருவானது. தொன்கொத்சு கியூஷு தீவுக்குரியது. 1947-இல் குருமே என்னும் ஊரில் ஒரு கடைக்காரர் அடுப்பில் வைத்த சூப்பை மறந்து வெளியே போய்விட, அது கொதித்துக் கொதித்துப் பால் போல் வெளுத்துவிட்டது என்றும், அதைச் சுவைத்துப் பார்த்து அவர் அப்படியே விற்கத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். கொழுப்பும் எலும்பிலிருந்து கரைந்த ஜெலட்டினும் நீரோடு கலந்துவிடுவதால்தான் அந்த வெண்மை வருகிறது. டோக்கியோவுக்குரியது தெளிந்த சோயு சூப். இரண்டு நாளில் முதல் கிண்ணம் அதுவாக இருக்கட்டும் என்பதே என் எண்ணம். கெட்டியான சூப்பைக் குடித்துப் பழகிய நாக்குக்கு, மறுநாள் தெளிந்த சூப்பின் நுட்பம் எட்டாமல் போகிறது.

ஹமமத்சுவிலேயே ராமென் கடைகள் இருக்கின்றனவே, இதற்காக ஏன் ரயில் கட்டணம் கொடுக்க வேண்டும்?

இங்கே நல்ல கடைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முதலில் போய்ப் பழகிக்கொள்வது நல்லதும்கூட. ஆனால் டோக்கியோவில் நடந்தே போகும் தூரத்துக்குள் ஐந்து விதமான ராமெனைச் சாப்பிட்டு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒப்பிடும்போதுதான் நூடுல்ஸின் தடிமனும் சூப்பின் அடர்த்தியும் ஏன் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது தெரியவரும். பயணத்தின் பலன் அந்த ஒப்பீட்டில் இருக்கிறது, பெயர் பெற்ற ஒரு கடையில் படம் எடுத்துக்கொள்வதில் இல்லை.

இரண்டு நாளில் எத்தனை கிண்ணம் சாப்பிடலாம்? நாங்கள் எட்டு என்று பட்டியல் போட்டிருக்கிறோம்.

பாதியாகக் குறைத்துவிடுங்கள். சாதாரண ராமெனில் வேகாத நிலையில் 120 முதல் 150 கிராம் வரை நூடுல்ஸ் இருக்கும். சூப்பில் தொட்டுச் சாப்பிடும் சுகெமென் வகையில் 200 கிராமுக்கு மேல்கூட இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு, ஒன்று முற்பகல் பதினொன்றரை மணிக்குள், அடுத்தது மாலை ஆறு மணிக்கு மேல் என்பது வயிறும் நாக்கும் தாங்கும் கணக்கு. இடையில் நடக்க வேண்டும். நண்பர் ஒருவர் ஒரே மதியத்தில் மூன்று கடைகளை முடித்தார். மூன்றாவது கடையில் நல்ல சூப் முன்னால் இருக்க, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் உட்கார்ந்திருந்த அவர் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் அந்தக் கடைக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

எந்தெந்தப் பகுதிக்குப் போவது? ஒரு வழி சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை ஓகிகுபோவில் தொடங்குங்கள். ஷின்ஜுகு நிலையத்திலிருந்து மேற்கே சூவோ ரயில் பாதையில் சிறிது நேரப் பயணம். அங்கே 1949-இல் தொடங்கிய ஹருகியா என்னும் கடை இருக்கிறது. உலர்ந்த சிறு மீன்களின் மணம் தூக்கலான சோயு சூப், சற்றே நெளிந்த நூடுல்ஸ். பழைய டோக்கியோ ராமென் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை.

மாலையில் ஹிகாஷி இகெபுகுரோவிலுள்ள தாய்ஷோகென். சுகெமெனைப் பரப்பிய கசுவோ யமகிஷியின் கடை அது. கடையில் மிஞ்சும் நூடுல்ஸை ஊழியர்கள் ஒரு கோப்பைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட, அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் தங்களுக்கும் கேட்க, 1955-இல் நகானோவிலிருந்த கடையில் அவர் அதை விற்பனைக்கு வைத்தார். 1961-இல் இகெபுகுரோவில் தனிக்கடை. செய்முறையை மறைக்காமல் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததால், 2015-இல் அவர் காலமான பிறகும் அதே பெயரில் பல கடைகள் நடக்கின்றன. சுகெமென் சாப்பிட்டு முடித்ததும், மிஞ்சிய தொடுசாறு அப்படியே குடிக்க முடியாத அளவு உப்பாக இருக்கும். "சூப் வாரி" என்று கேட்டால் வெந்நீர் போன்ற இளஞ்சூப் ஊற்றித் தருவார்கள். அதையும் குடித்தால்தான் அந்த உணவு முடிந்ததாகும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்பதை ஊர் திரும்பும் வழி தீர்மானிக்கட்டும். டோக்கியோ நிலையத்தின் யாயேசு பக்கம், நிலத்தடியில், எட்டுக் கடைகள் சேர்ந்த ராமென் தெரு இருக்கிறது. மழைநாளுக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது. இல்லையேல் ஷின் யோகொஹாமாவில் இறங்குங்கள். ஹமமத்சு திரும்பும் ஷின்கான்சென் எப்படியும் அங்கே நிற்கும். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ராமென் அருங்காட்சியகம் உள்ளது. 1994-இல் திறக்கப்பட்டது. நிலத்தடித் தளங்களில் 1958-ஆம் ஆண்டின் தெருவொன்றை, மங்கிய விளக்குகளோடும் தகரப் பெயர்ப்பலகைகளோடும் அமைத்து, அதற்குள் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த கடைகளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு ஏன் என்பது முதல் பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே சிறிய கிண்ணமும் கிடைப்பதால், ஒரே வருகையில் இரண்டு மூன்று ஊர்களின் சுவையைப் பார்த்துவிடலாம்.

கடைக்குள் நுழைந்தால் ஆள் யாரும் கேட்கவில்லை, ஒரு இயந்திரம்தான் நிற்கிறது. என்ன செய்வது?

அது உணவுச்சீட்டு இயந்திரம். முதலில் பணத்தைப் போட வேண்டும். பணம் விழுந்த பிறகுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். அதை அறியாமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் நடப்பது. பின்னால் ஐந்து பேர் நிற்க, ஜப்பானிய எழுத்து மட்டுமே உள்ள நாற்பது பொத்தான்களைப் பார்த்துக் கை நடுங்கினால், இடது மேல் மூலையில் இருப்பதை அழுத்துங்கள். கடை தன் முதன்மை ராமெனை வைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். வரிசையில் நிற்கும்போதே கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவால் வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் படித்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சீட்டு விழுந்ததும் மீதிச் சில்லறைக்குத் தனி நெம்புகோல் இருக்கலாம். அதைத் திருப்ப மறக்க வேண்டாம். உட்கார்ந்து, சமையல்காரருக்கு எதிரேயுள்ள நீண்ட மேடைமேல் சீட்டை வைத்தால் போதும். உங்களுக்கு வேண்டாத பொருள் ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

கார்டு செல்லுமா? மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள், அதுவும் ஆயிரம் யென் தாள்களாக. சிறிய கடைகளின் பழைய இயந்திரங்கள் பத்தாயிரம் யென் தாளை ஏற்பதில்லை. 2024 ஜூலையில் புதிய தாள்கள் வெளியானபோது, இயந்திரத்தை மாற்றப் பணமில்லாத கடைகள் திண்டாடின; புதிய தாளைத் துப்பிவிடும் இயந்திரம் இன்னும் அங்கங்கே இருக்கலாம் என்பதால் கொஞ்சம் நாணயங்களும் கையில் இருக்கட்டும்.

ஒரு கிண்ணம் 800 முதல் 1,300 யென் வரை ஆகும். ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற அச்சத்தைக் கடைக்காரர்கள் "ஆயிரம் யென் சுவர்" என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். மாவும் எலும்பும் எரிபொருளும் விலை ஏறியதில் அந்தச் சுவர் பல இடங்களில் இடிந்துவிட்டது. அன்பளிப்புப் பணம் எங்கும் வாங்குவதில்லை. தண்ணீர் இலவசம், நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

வரிசையில் ஒருவர் நின்றால் மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாமா?

கூடாது. பல கடைகள் இதை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கின்றன. எல்லோரும் சேர்ந்தே நிற்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் வந்த பிறகு வரிசையின் கடைசியில் சேர வேண்டும். முதலில் சீட்டு வாங்கிவிட்டு நிற்பதா, நின்றுவிட்டு வாங்குவதா என்பது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவர் கையைப் பாருங்கள், சீட்டு இருந்தால் நீங்களும் முதலில் வாங்க வேண்டும்.

நான் சுத்த சைவம். காய்கறி ராமென் என்று பட்டியலில் இருக்கிறதே, அதைச் சாப்பிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "யாசாய் ராமென்" என்றால் மேலே வதக்கிய முட்டைக்கோசும் முளைப்பயறும் வைத்த ராமென் என்றுதான் பொருள். அடியில் இருக்கும் சூப் பன்றி எலும்பிலோ கோழி எலும்பிலோ எடுத்தது. காய்கறியை வதக்கியதும் பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். என்னோடு வந்த ஓர் இளைஞர், பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர், "நிகு நாஷி" என்று, அதாவது இறைச்சி வேண்டாம் என்று, சரியாகத்தான் சொன்னார். சமையல்காரரும் சரியென்று தலையசைத்து, இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்தார். பாதிக் கிண்ணம் காலியான பிறகு சூப்பின் மேல் மிதந்த கொழுப்புப் புள்ளிகளைப் பார்த்து நான் கேட்டபோது உண்மை தெரிந்தது. அவர் எழுந்து வெளியே போய் நெடுநேரம் தெருவோரம் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சமையல்காரர் மேல் தவறில்லை, கேட்டதைத்தான் செய்தார். முன்பே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

இறைச்சி இல்லாவிட்டாலும் மீன் இருக்கும். கத்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியது. நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் சம்பலுக்குப் போடும் மாசியின் நெருங்கிய உறவு. நிபோஷி என்பது வேகவைத்து உலர்த்திய சிறு மீன், நெத்திலிக் கருவாடு போன்றது. சோயா தாரேயிலும் இவை ஊறியிருக்கும். ஆகவே சாதாரணக் கடையில் "இதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிச் சைவமாக்க முடியாது.

விலங்குப் பொருளே சேர்க்காத ராமெனைத் தனியாகச் செய்யும் கடைகளுக்குத்தான் போக வேண்டும். டோக்கியோ நிலையத்தில், பயணச்சீட்டு வாயிலுக்கு உள்ளே, டீஸ் தான்தான் என்னும் கடை முழுவதும் சைவம். பாலும் முட்டையும்கூட இல்லை. எள்ளும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்த அதன் சூப் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ரயில் ஏறாதவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகலாம். அது இரண்டு மணி நேரம் செல்லும். அஃபுரி, கியூஷு ஜங்காரா ஆகிய கடைகளும் தங்கள் பட்டியலில் சைவ ராமென் வைத்திருந்திருக்கின்றன. ஆனால் எல்லாக் கிளைகளிலும் இருக்காது, பட்டியலும் மாறும் என்பதால், கிளம்பும் முன் அந்தக் கிளையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன், கோழி சாப்பிடுவேன். பன்றியும் மாடும் மட்டும் வேண்டாம் என்றால்?

மாட்டிறைச்சி டோக்கியோவின் ராமெனில் அரிது; ஆனால் மாட்டு எலும்பு சூப் செய்யும் கடைகளும் உண்டு, மசாலாப் பொடிகளில் மாட்டுச் சாறு கலந்திருப்பதும் உண்டு. பன்றியைத் தவிர்ப்பதுதான் கடினம். கோழி சூப் கடையில்கூட மேலே வைக்கும் சாஷு பெரும்பாலும் பன்றி இறைச்சி, மணத்துக்குச் சேர்க்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், தாரேயிலும் சாஷு வேகவைத்த சாறு கலந்திருக்கலாம்.

"தோரி பாய்தான்" என்பது பால் போல் வெளுத்த கோழி சூப். அவ்வகைக் கடைகளில் சில, பன்றியே பயன்படுத்துவதில்லை என்று எழுதியே வைத்திருக்கின்றன. அப்படி எழுதாத கடையில், சீட்டைக் கொடுக்கும்போது "சாஷு நுகி தே ஒனெகாய்ஷிமாஸ்" என்றால் இறைச்சித் துண்டை நீக்கிவிடுவார்கள். சூப்பு மாறாது என்பதை மேலே சொல்லிவிட்டேன். எதுவரை ஒத்துக்கொள்வது என்பது உங்கள் மனச்சாட்சி தீர்மானிக்க வேண்டியது.

ஹலால் ராமென் கிடைக்குமா?

கிடைக்கும். அசாகுசாவில் நாரிதயா போன்ற கடைகள் இதற்கென்றே கோழி சூப்பில் செய்கின்றன. பன்றி இல்லை என்பதும் ஹலால் என்பதும் ஒன்றல்ல. தாரேயில் மிரின் என்னும் அரிசி மதுவோ சாகேயோ சேர்வது வழக்கம். எனவே சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

உறிஞ்சிச் சத்தம் போட்டுத்தான் சாப்பிட வேண்டுமா? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கட்டாயமில்லை. சத்தமில்லாமல் சாப்பிட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் உறிஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. கொதிக்கும் நூடுல்ஸ் காற்றோடு சேர்ந்து வாய்க்குள் போகும்போது ஆறுகிறது. சூப்பின் மணமும் வாய்வழியே மூக்குக்கு ஏறுகிறது. ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாய்க்குப் போதுமான சில இழைகளை மட்டும் எடுத்து, முகத்தைக் கிண்ணத்துக்குக் கிட்டே கொண்டுபோய், இடையில் கடித்து அறுக்காமல் இழுங்கள். மூக்குக்கண்ணாடியை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாதே?

முள்கரண்டி கேட்டால் பல கடைகளில் கிடைக்கும். ஒரு வாரம் வீட்டில் வேர்க்கடலையை எடுத்துப் பழகுங்கள், கையில் வந்துவிடும்.

சூப்பை முழுவதும் குடிக்காவிட்டால் சமையல்காரரை அவமதிப்பதாகுமா?

ஆகாது. கிண்ணத்தின் அடி தெரியக் குடித்தால் அவருக்கு மகிழ்ச்சிதான். மிச்சம் வைத்தாலும் தவறில்லை, இங்கே பிறந்தவர்களும் வைக்கிறார்கள். தாரேயைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, கிண்ணத்து உப்பில் பெரும்பகுதி சூப்பில்தான் இருக்கிறது. சூப்போடு சேர்த்து ஒரு கிண்ணத்தில் ஐந்து, ஆறு கிராம் உப்பு இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதுக்கும் ஐந்து கிராமுக்குக் குறைவாகவே பரிந்துரைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் முதல் நான்கைந்து கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நூடுல்ஸும் மேலே உள்ளவையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள், அதுதான் மரியாதை.

நான்கு பேர் போகிறோம். இரண்டு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாமா? குழந்தையும் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு கிண்ணம் என்பது ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் உள்ள விதி. எட்டுப் பத்து இருக்கைகள் மட்டுமே உள்ள கடைக்கு ஓர் இருக்கை ஒரு கிண்ணம் விற்றால்தான் வாடகை கட்டும். பகிர்வதற்காகப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், முதல் பதிலில் சொன்ன அந்தச் சில நிமிடங்கள் கடந்து நூடுல்ஸ் ஊறிவிடும் என்பது இன்னொரு காரணம். சேர்ந்து அமர இடம் இல்லையென்றால் தனித்தனியே உட்காருங்கள். பேச்சை வெளியே வந்து வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு மேடை இருக்கை மட்டும் உள்ள கடை ஏற்றதல்ல. நிலையத்து ராமென் தெருவும் ஷின் யோகொஹாமாவும் மேசை போட்ட இடங்கள்.

காரமே இல்லையாமே, நமக்கு எப்படி இறங்கும்?

மேடைமேல் மிளகுத்தூளும், ராயு என்னும் மிளகாய் எண்ணெயும், சில கடைகளில் இடித்த பூண்டும் இருக்கும். பாதிக் கிண்ணம் வரை எதையும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விடிவதற்கு முன் எழுந்து சூப் வைத்தவர் என்ன செய்திருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு உங்கள் விருப்பம். காரம் கட்டாயம் வேண்டுமென்றால் எள் விழுதும் மிளகாயும் சேர்ந்த தான்தான்மென் வகையைத் தேடுங்கள்.

தொன்கொத்சு கடை வாசலிலேயே ஒரு வாடை வருகிறது. கெட்டுப்போனதா?

இல்லை. எலும்பை நாள் முழுவதும் கொதிக்க வைக்கும்போது வரும் வாடை அது; கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டைப் போல, வெளியே நிற்பவருக்கு ஒருவிதம், சாப்பிடுபவருக்கு வேறுவிதம். பிடிக்கவில்லையென்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

உள்ளே போகிறவர்களுக்கு ஒரு செய்தி. கியூஷுவின் ஹகாதா பாணியில் தொன்கொத்சு செய்யும் கடைகளில் நூடுல்ஸ் மெல்லியது, ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும், அதே வேகத்தில் ஊறியும்விடும். அதனால் குறைவாகக் கொடுத்து, வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதன் பெயர் கயெதாமா. சூப் மிச்சமிருக்கும்போதே, இரண்டு மூன்று வாய் இருக்கையில் "கயெதாமா ஒனெகாய்ஷிமாஸ்" என்று சொல்லிவிட வேண்டும். வேகும் பதத்தையும் கேட்பார்கள். "கதா" என்றால் சற்று விறைப்பாக. முதல் முறைக்கு அதுவே போதும்.

ஜிரோ என்ற கடையில் சமையல்காரர் ஏதோ கேட்கிறார், பதில் தெரியாமல் விழித்தோம் என்கிறார்களே?

1968-இல் தொடங்கி, மிதாவில் பல்கலைக்கழக மாணவர்களின் பசியால் வளர்ந்த கடை ராமென் ஜிரோ. தடித்த நூடுல்ஸ் 300 கிராம் அளவில், மேலே மலை போல் முளைப்பயறும் முட்டைக்கோசும், பெரிய பன்றித் துண்டுகளும். கிண்ணம் தயாராகும் நேரத்தில் "நின்னிகு இரெமாஸ்கா" என்று கேட்பார். பூண்டு போடட்டுமா என்பதுதான் அது. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு நான்கையும் சேர்த்துப் பதில் சொல்வது வழக்கம்: நின்னிகு என்றால் பூண்டு, யாசாய் என்றால் கூடுதல் காய்கறி, அபுரா என்றால் கூடுதல் கொழுப்பு, கராமே என்றால் உப்புச்சாறு தூக்கலாக. எதுவும் வேண்டாமென்றால் "சோனோ மாமா தே" என்று சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது அளவு. சீட்டைக் கொடுக்கும்போதே "மென் சுகுனாமே" என்று நூடுல்ஸைக் குறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சம் வைக்க நேராது. இரண்டு நாள் பயணத்தில் இதைச் சேர்த்தால் அன்றைக்கு அது ஒன்றுதான் உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் வாங்கிய கடைக்குத்தானே முதலில் போக வேண்டும்?

சுகாமோவிலிருந்த சுதா என்னும் சிறிய கடை, உணவகங்களைத் தரம் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் வழிகாட்டியின் 2015 டிசம்பரில் வெளியான பதிப்பில், நட்சத்திரம் பெற்ற முதல் ராமென் கடையானது. மறுநாளிலிருந்து விடியற்காலையிலேயே வரிசை. வரிசையைச் சமாளிக்கக் கடை முன்கூட்டியே சீட்டு கொடுக்கும் முறை வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே ஓத்சுகாவின் நாகிர்யு, தான்தான்மெனுக்காக நட்சத்திரம் பெற்றது. இந்தக் கடைகள் உயர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு நாள் மட்டுமே உள்ளவர் ஒரு கிண்ணத்துக்காக மூன்று மணி நேரம் நின்றால், மேலே சொன்ன ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஐந்தாறு முறை வந்து, உங்களுக்கு எந்தச் சூப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகு போய் நில்லுங்கள். அப்போது அந்தக் கிண்ணத்தில் இருப்பதெல்லாம் உங்களுக்குப் புலப்படும்.

இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து நின்றோம், "சூப் தீர்ந்துவிட்டது" என்று பலகையைத் தொங்கவிட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் வைத்திருக்கக் கூடாதா?

பெரிய பானை ஒன்றோ இரண்டோதான் அந்தச் சமையலறையில் வைக்க இடமிருக்கும். நாளைய சூப்புக்கு இன்றிரவே எலும்பைக் கழுவிக் கொதிக்க வைக்கத் தொடங்க வேண்டும். நீரூற்றிப் பெருக்கினால் இன்னும் இருபது பேருக்குக் கொடுக்கலாம், அதை அவர்கள் செய்வதில்லை. ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவரோடு சூப் முடிந்தது. கடைக்காரர், அறுபது வயதுக்கு மேலிருக்கும், ஈரத் துண்டைத் தலையிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, மிச்சம் நின்ற ஏழு பேருக்கும் ஒவ்வொருவராகத் தலைவணங்கிவிட்டுத்தான் பலகையைத் தொங்கவிட்டார்.

மதியம் இரண்டரை மணிக்கு மேல் பல கடைகள் மூடி மாலையில் திறக்கும், ஞாயிறு விடுமுறை விடுவோரும் உண்டு. ஆகவே காலையிலேயே போங்கள், கடையின் அன்றைய அறிவிப்பைக் கைபேசியில் பாருங்கள், அதே நிலையத்தருகே இரண்டாவது கடை ஒன்றின் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அன்று நானும் அந்த ஏழு பேரில் இருவரும் அடுத்த தெருவிலிருந்த பெயர் கேள்விப்படாத கடைக்குப் போனோம். ஷியோ ராமென், 850 யென், இப்போது டோக்கியோ போகும்போதெல்லாம் நான் முதலில் போவது அங்கேதான்.